ஓடினால்தான் வண்டி

கடலோரத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு. எங்கள் கடியப்பட்டணத்தில் இதைச் சிறு குழந்தையும் அறியும். ஜன்னல் கம்பியானாலும் சைக்கிள் சங்கிலியானாலும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் போதும். உப்புக் கலந்த ஈரத்தில் மின்னோட்டம் எளிதில் பாய்வதால் அவ்வேலை இன்னும் விரைந்து நடக்கிறது என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். இத்தகைய ஊரில் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்த கார் ஒன்று நாள்தோறும் ஓடுகிறது என்றால் வியப்பல்லவா? அதுதான் எங்கள் பெரியப்பாவின் கான்டெஸா. அதில் பள்ளிக்கு வரும் சகோதரிகள் மூவர் நாங்கள்.

அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டில் போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற கார் வெளிவந்தது. நடுத்தர அளவுள்ள உடலில் 6.4 லிட்டர் கொள்ளளவு கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். இத்தகைய வண்டிகளுக்கு ‘மஸில் கார்’ என்று பெயர் வந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அவற்றின் பொற்காலமும் முடிவை நெருங்கியது.

நம் நாட்டின் மஸில் கார் என்று பலர் செல்லமாகச் சொல்வது கான்டெஸாவைத்தான். இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் காரை அடிப்படையாகக் கொண்டு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1984 முதல் இதைத் தயாரித்தது. நீண்ட பானட்டும் அகன்ற உடலும் கம்பீரமாக இருந்தன. ஆனால் உள்ளே இருந்ததோ அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சின்! யானைக்கு ஆட்டின் கால் வைத்தது போல என்று பெரியப்பா சிரிப்பார். பின்னர் ஜப்பானின் இசுஸு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்த பிறகுதான் தோற்றத்துக்கேற்ற ஓட்டம் கிடைத்தது. 2002-இல் உற்பத்தி நின்றுவிட்டது.

எங்கள் வண்டி 1989-இல் பதிவானது. பெரியப்பா வாங்கும்போது அது ஒரு தென்னந்தோப்பில் தார்ப்பாய்க்கு அடியில் ஒன்பது ஆண்டுகளாகக் கிடந்தது. மேலே பார்த்தால் பெரிய கேடு தெரியவில்லை. கீழே குனிந்து பார்த்தபோது, கதவுகளுக்கு அடியிலுள்ள தகரம் விரல் பட்டதும் உதிர்ந்தது. லாரியைப் போல இதற்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலே பாரத்தைத் தாங்க வேண்டும். எனவே துருவின்மேல் பட்டி பூசி மறைப்பது பெரும் ஆபத்து. கெட்ட தகரத்தை வெட்டியெடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தார்கள். 1990-களில் அம்பாசிடரிலும் இதே இசுஸு எஞ்சின் பொருத்தப்பட்டதால், பழைய அம்பாசிடர் மெக்கானிக் ஒருவரின் அனுபவம் பேருதவியாயிற்று.

பெரியப்பா மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். கடலிலிருந்து வந்த எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவாமல் வைத்தால் என்னாகும் என்பது அவருக்குத் தெரியும். அதே பழக்கம் காருக்கும் வந்தது. வாரந்தோறும் வண்டியின் அடிப்புறம் நல்ல தண்ணீரால் கழுவப்படுகிறது. கதவின் அடியிலுள்ள சிறு துளைகளை நாங்கள் ஈர்க்குச்சியால் குத்தித் திறந்து விடுவோம்; அவை அடைபட்டால் நீர் உள்ளே தங்கிவிடும். இன்று பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்பதால் அவற்றையும் மாற்றினார். பின் இருக்கைக்கும் சீட் பெல்ட் வைத்தார்.

ஒருநாள் வெளியூர் அன்பர் ஒருவர் விலை பேச வந்தார். புதிய குழாய்களையும் பெல்ட்டையும் கண்டு முகம் சுளித்தார். எனினும் நல்ல தொகை சொன்னார்.

“இவ்வளவு அழகான வண்டியை உப்புக்காற்றில் ஓட்டலாமா?” என்று கேட்டார்.

“மூடிப் போட்டா மட்டும் காத்து உள்ள வராதா சார்?” என்றார் பெரியப்பா.

அன்றிரவு வீட்டில் அமைதியில்லை. பெரியம்மா விற்றுவிடச் சொன்னார். எங்களில் மூத்தவளுக்கு அடுத்த ஆண்டு கல்லூரி. அந்தத் தொகை இருந்தால் கடன் வாங்க வேண்டியதில்லை. அவர் சொன்னதில் தவறே இல்லை. பாட்டியோ, வாரம் இருமுறை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்வருபவர். நெரிசலான பஸ்ஸில் அவரால் நிற்க முடியாது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் எங்களை வருத்தியது.

முடிவில் பெரியம்மாவே ஒரு வழி சொன்னார். வண்டிக்கு ஆகும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். பாட்டியின் வாடகைக் கார்ச் செலவைவிட அது மிஞ்சும் ஆண்டில் விற்றுவிட வேண்டும். “சரி மக்களே, கணக்கு நீங்க எழுதுங்க” என்று பெரியப்பா எங்களிடம் நோட்டைத் தந்தார். முதலாண்டு வண்டி வென்றது. வித்தியாசம் மிகச் சொற்பமே. கல்லூரிக்குக் கடன் கேட்டு விண்ணப்பமும் கொடுத்தாயிற்று.

2021-இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து மூல வடிவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதியலாம். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் அவற்றைக் கொண்டு செல்லலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. எங்கள் வண்டிக்கு அந்த வயது 2039-இல்தான் வரும். அதுவரை ஐந்தாண்டுக்கொருமுறை தகுதிச் சோதனையில் தேற வேண்டும்; அடுத்தது 2029-இல். பழைமையைக் காக்கக் கண்காட்சிகளும் வேண்டும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் ஓடாத வண்டியில் பெட்ரோல் பிசினாகிறது, பாட்டரி இறங்குகிறது, ரப்பர் வெடிக்கிறது. ஆண்டவர் சொன்ன உவமையில் தாலந்தை மண்ணில் புதைத்தவனும் அதைத் தொலைத்துவிடவில்லை, பத்திரமாகத்தான் வைத்திருந்தான். ஆனாலும் அவன் கண்டிக்கப்பட்டான் அல்லவா?

அன்புத் தோழியரே! தேய்ந்துபோகும் என்று அஞ்சி ஒதுக்கி வைப்பதால் எதுவும் நிலைப்பதில்லை. வேலை வாங்க வேண்டும். வாங்கிய பின் உப்பைக் கழுவவும் வேண்டும். இரண்டாவதை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் செய்பவர்களுக்குக் கடலோரத்தில் கார் எதற்கு?