கையால் எழுதிய லேபிள்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனது. அங்கே கடை வைத்திருந்தவர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு இடம் மாறினார்கள். ஆனாலும் பழைய புத்தகம், இசைத்தட்டு, கேசட் தேடி வருகிறவர்களுக்கு அது இன்றும் மூர் மார்க்கெட்தான்.

கேசட் சேகரிக்கும் நண்பர் ஒருவரோடு அங்கே போயிருந்தேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்களைக் கண்டதும் கடைக்காரர், "ராஜா சாரா, ரஹ்மானா? எக்கோ கம்பெனி ஒரிஜினல் கீது சார், சீல்கூடப் பிரிக்கல" என்றார்.

"அது கிடக்கட்டும்பா. கையால எழுதின லேபிள் போட்டது ஏதாவது வந்துச்சா?"

கடைக்காரர் பலகைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துப் போட்டார். யாரோ வீடு காலி செய்தபோது எடைக்கு வந்த சரக்கு. நண்பர் கைக்குட்டையால் மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கேசட் சேகரிப்பு என்றால் பலரும் நினைப்பது அந்த சீல் பிரிக்காத ரகத்தைத்தான். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-இல் வந்தது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' 1988-இல். இவற்றின் முதல் பதிப்புக் கேசட் கிடைத்தால் சொன்ன விலையைக் கொடுக்க ஆளிருக்கிறது. அசலையும் நகலையும் பிரித்தறிவதே இந்தச் சேகரிப்பாளர்களிடம் ஒரு வித்தை. உறைக்குள் மடித்து வைத்த அட்டையின் அச்சு கூர்மையாக இருக்கிறதா, அட்டையிலுள்ள வரிசை எண்ணும் கேசட்டின் உடம்பிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார்கள். நல்ல உறைக்குள் வேறொரு கேசட்டைச் செருகி விற்பது சாதாரணம். ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று அந்தக் காலத்தில் வந்த கேசட்டுகளில் ஜோடி மாறியிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுகிறவர்கள் உண்டு.

அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பாடல்கள் இசைத்தட்டில் இருக்கின்றன, குறுந்தகட்டில் இருக்கின்றன, எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கின்றன. அந்தக் கேசட் நாளை அழிந்தாலும் பாட்டு அழியாது. அரிய கேசட் என்று நான் சொல்வது, அது போனால் அதிலுள்ள ஒலியும் உலகத்திலிருந்தே போய்விடும் என்ற நிலையில் இருப்பதைத்தான்.

சாக்கிலிருந்து அப்படிப்பட்டவைதான் வந்தன. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த டிடிகே, மெல்ட்ராக், சோனி கேசட்டுகள். பிடித்த பாட்டுகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அறுபதா தொண்ணூறா என்று சொல்லிவிட்டு வந்தால், சில நாளில் ஸ்கெட்ச் பேனாவில் அழகாகப் பட்டியல் எழுதித் தருவார்களே, அதே ரகம். அந்தப் பட்டியல்களில் எந்தக் கம்பெனியும் மறுபடி வெளியிடாத படப் பாட்டுகள் இருக்கும். சின்ன இசைத்தட்டிலிருந்து நேராகப் பதிந்தவை. அடியில் 'இலங்கை வானொலி' என்று மட்டும் எழுதிய ஒன்று கிடைத்தபோது நண்பரின் முகம் மாறியது. அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களைக் கேட்பதற்காகவே வானொலிப் பெட்டியின் முன் காத்திருந்து பதிந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பாட்டு எங்கும் கிடைக்கும். இரண்டு பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் பேசியது அந்தக் கேசட்டில் மட்டுமே இருக்கும்.

சிறிய ஊர்க் கம்பெனிகள் போட்ட வில்லுப்பாட்டு, ஒப்பாரி, கரகாட்டப் பாட்டு, குலசாமிப் பாடல்கள் தனி உலகம். கேசட் வருவதற்கு முன் இந்தக் கலைஞர்களில் பெரும்பாலோரை இசைத்தட்டில் பதிய யாரும் முன்வந்ததில்லை என்றே சொல்லலாம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகம் செய்த இந்தச் சின்னப் பெட்டி, பதிவதையும் பிரதி எடுப்பதையும் அவ்வளவு மலிவாக்கியது. கோயில் கொடைக்கு வாசித்த ஆளும், தேர்தல் மேடையில் பாடிய ஆளும் அதில் ஏறினார்கள்.

நண்பர் கடைசியில் எடுத்தது வெளிறிய தொண்ணூறு நிமிடக் கேசட். பச்சை மையில் 'திருவிழா மல்லாரி 82' என்று எழுதியிருந்தது. சாமி புறப்பாட்டில் நாயனத்தில் வாசிப்பதுதான் மல்லாரி. கண்ணாடி வழியே பார்த்தால் ரீலின் ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. கடற்காற்று அடிக்கும் சென்னையில் அலமாரிக்குள் வைத்த கேசட்டுகளுக்கு வருகிற நோய் இது.

அங்கிருந்து திருவல்லிக்கேணி. சந்துக்குள் ஒரு கட்டில் அகலக் கடை. எல்லோரும் 'பாய்' என்று கூப்பிடும் மெக்கானிக். வளைகுடாவிலிருந்து வந்திறங்கிய டூ-இன்-ஒன் செட்டுகளை ஒரு காலத்தில் வரிசையில் வைத்துப் பழுது பார்த்தவர். இப்போது வருவதெல்லாம் எங்களைப் போன்றவர்கள்தான். கேசட்டை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "ஃபெல்ட் விழுந்துபோச்சு. உள்ள கிடந்து உருளுது, கேக்குதா சார்?"

கேசட்டின் நடு வாயில் ஒரு மெல்லிய செம்புத் தகடு, அதன்மேல் உளுந்தளவு கம்பளித் துண்டு. ரீலை, அதிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு சேர்த்து அழுத்துவது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் சத்தம் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் அடங்கிவிடும். பாய் ஐந்து ஸ்குருவையும் கழற்றி மேல் மூடியை மெதுவாகத் தூக்கினார். ஸ்குரு இல்லாமல் ஒட்டிய கேசட் என்றால் பிளேடால் ஓரத்தைப் பிளந்துதான் திறக்க வேண்டும். ஒரு பக்திப்பாடல் கேசட்டிலிருந்து நல்ல தகட்டை இடுக்கியால் எடுத்து இதில் பொருத்தினார். நடுவில் ஓரிடத்தில் ரீல் அறுந்து, யாரோ நெயில் பாலிஷ் தடவி ஒட்டியிருந்தார்கள். அதைச் சாய்வாக வெட்டி எறிந்துவிட்டு, இதற்கென்றே வரும் ஒட்டு நாடாவால் இணைத்தார். "செல்லோடேப் மட்டும் போட்றாதீங்க சார். பசை கசிஞ்சு அடுத்த சுத்துலயும் ஒட்டிக்கும்."

பிறகு பூஞ்சை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணிக்கு நடுவே ரீலை ஓட விட்டார், முகத்தில் மாஸ்க். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ரீல் சுமார் 129 மீட்டர் நீளம். கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். அவசரப்பட்டால் இழுபட்டுவிடும். இந்த வேலைக்கு அவர் தனியாக ஒரு பழைய செட்டை வைத்திருக்கிறார். பூஞ்சை பிடித்ததை நல்ல டெக்கில் போட்டால் அடுத்துப் போடும் கேசட்டுகளுக்கும் தொற்றிவிடும்.

அதன்பின் அவர் செய்ததுதான் என்னை அசரவைத்தது. ரீலின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதற்குள் இரண்டு பக்கமும் சேர்த்து ஸ்டீரியோவுக்கு நான்கு தடங்கள். பதிந்த செட்டின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் இந்த ஹெட்டும் நிற்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் ஒலியின் மேல்பகுதி மொத்தமும் மங்கிவிடும். ஹெட்டின் பக்கத்திலுள்ள சின்ன ஸ்குருவில் திருப்புளியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் தூரத்துத் தவில் மட்டும். அரைக்கால் திருப்பு திருப்பினார், தாளம் ஒலித்தது. இன்னும் கொஞ்சம், தாளத்தின் விளிம்பு பிரிந்து கணீரென்று கேட்டது, அதன்மேல் நாயனம் ஏறியது. வாசிப்பு தொடங்கும் ஓரிரு நொடிக்கு முன்பே அதே வாசிப்பு மெல்லிய நிழலாகக் கேட்டது. வருடக்கணக்கில் சுற்றியபடியே கிடந்ததில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் ஏறியிருக்கிறது. "அத ஒண்ணும் பண்ண முடியாது சார், அது ரீலோட வயசு" என்றார்.

ராகம் கம்பீர நாட்டை. கூட்டத்தில் யாரோ "தள்ளுங்க, தள்ளுங்க" என்கிறார். இருபது நிமிடம் போல ஓடி, வாசிப்பு உச்சத்துக்கு வரும் இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், சினிமாப் பாட்டு. யாரோ மேலேயே பதிந்துவிட்டார்கள். நண்பர் ஒன்றும் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். வாசித்தவர் யார், எந்த ஊர்க் கோயில் என்று லேபிளில் இல்லை. எழுதியவர் வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும்.

பாய் வாங்கிய கூலி, சீல் பிரிக்காத ஒரு கேசட்டின் விலையைவிடக் குறைவு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பூட்டி வைத்த பொருளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் சேகரிப்பாளர்கள், ஒலியை மீட்டுத் தரும் கைக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கப் பேரம் பேசுகிறார்கள். கூலி மட்டுமல்ல, உதிரிபாகமும் சிக்கல்தான். டேப்ரிக்கார்டர் பெல்ட்டுகள் ரிச்சி தெருவில் இன்னும் கிடைக்கின்றன. நல்ல ஹெட் கிடைப்பதில்லை, செத்த டெக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். பாயிடம் வேலை கற்க யாரும் வரவில்லை. அந்தத் திருப்புளியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் காதுக்குத் தெரிந்தது அவரோடு போய்விடும்.

உங்கள் வீட்டுப் பரணில் கேசட் பெட்டி இருந்தால், எடைக்குப் போடும் முன் லேபிள்களைப் படியுங்கள். கல்யாணம், கச்சேரி, தாத்தா பேச்சு, வானொலி என்று எழுதியவற்றைத் தனியாக எடுங்கள். எந்த ஊர், யார் குரல், எந்த வருடம் என்பதை நினைவுள்ள பெரியவர்களிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். மேல் விளிம்பிலுள்ள இரண்டு தாவல்களையும் உடைத்துவிடுங்கள். இனி யாரும் தவறுதலாக மேலே பதிய முடியாது. பழைய செட்டில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். உருகிய பெல்ட்டும் அழுக்கு ரோலரும் ரீலைக் கடித்து இழுத்துவிடும். உங்கள் ஊரில் டேப்ரிக்கார்டர் பழுது பார்ப்பவர் இன்னும் கடை திறக்கிறார் என்றால் இந்த மாதமே அவரிடம் கொண்டுபோங்கள். கேட்ட கூலியைக் கொடுங்கள்.