சிட்டாவில் ஒரு பெயர், வயலில் ஒரு பெயர்

சிட்டாவில் நன்செய் என்று போட்டிருக்கும். வயலில் பல வருடமாக மானாவாரி நிலக்கடலைதான் விளையும். எது சரி என்று விவசாயிகள் கேட்பதுண்டு. இரண்டுமே சரிதான். கணக்கில் உள்ள நன்செய், புன்செய் என்பவை பயிரை நினைத்துப் பிரித்தவை அல்ல, தீர்வைக்காகப் பிரித்தவை. அரசு ஏரி, வாய்க்கால் தண்ணீர் பாயும் நிலத்துக்கு ஒரு தீர்வை, பாயாததற்கு வேறு தீர்வை. ஏரி தூர்ந்து வாய்க்கால் மறைந்த பிறகும் கணக்கில் பெயர் அப்படியே நிற்கும்.

வெள்ளைக்காரர் காலத்து செட்டில்மெண்டில் மண்ணையும் இப்படித்தான் பிரித்தார்கள். கரிசல், செவ்வல், மணல் என்று முதலில் வகை. பிறகு அதில் களி அதிகமா, மணல் அதிகமா, இரண்டும் கலந்ததா என்று பார்த்து, கடைசியில் தரம் போட்டார்கள். 'அ' பதிவேட்டில் மண் வயனமும் ரகமும் என்று இருக்கும் பத்தி அதன் மிச்சம்தான். வேலையில் குறை சொல்வதற்கில்லை. ஏக்கருக்கு எவ்வளவு தீர்வை கேட்கலாம் என்பதே அவர்கள் கேள்வி, அதற்குப் பதில் கிடைத்தது.

தீர்வை கேட்க வழியில்லாத இடங்கள் வேறு பக்கம் போயின. ஏரி, மேய்க்கால், மந்தைவெளி, வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் புறம்போக்கு. தீர்வைக்கு வெளியே இருப்பது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. ஆனால் யாருக்கும் உதவாத நிலம் என்ற அர்த்தம் அதில் ஏறிக்கொண்டது. இன்றைக்கு ஆளைத் திட்டுவதற்கே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்!

இதற்குக் கொடுத்த விலையைப் பார்க்க வேண்டுமானால் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் பள்ளிக்கரணை வரை போனால் போதும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை கழுவேலியில் வந்து நிற்கும். அது பிறகு மெதுவாக ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேரும். தென்சென்னையின் வெள்ளத்தைத் தாங்கி நிறுத்துகிற இடம் இது. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது. நெல்லும் விளையாது, வீடும் கட்ட முடியாது என்பதால் இது பயனற்ற தரிசாகவே எண்ணப்பட்டது. தரிசுதானே என்று பெருங்குடிப் பக்கம் குப்பை கொட்டினார்கள். சாலை வந்தது, கட்டடங்கள் வந்தன. 2015 டிசம்பரில் வேளச்சேரி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மழை அதிகம்தான், ஆனால் அந்தத் தண்ணீர் தங்கும் இடத்தில் பாதிக்கு மேல் அதற்குள் போயிருந்தது.

பெயர் மாறியதும் கதை கொஞ்சம் மாறியது. 2007இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் ஈரநிலமானது. தண்ணீர் அதே தண்ணீர், கோரை அதே கோரை. ஆனால் இப்போது அங்கே மண் கொட்ட வருபவனைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது.

சர்க்கார் கணக்கில் மட்டும்தான் இந்தக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். வயலில் வெள்ளை பூத்தால் எல்லாவற்றையும் உப்பு நிலம் என்று ஒரே பெயரில் சொல்லி, உடனே ஜிப்சம் வாங்கக் கிளம்புகிறோம். அதில் உவர் வேறு, களர் வேறு. உவரில் கரையும் உப்பு அதிகம். வடிகால் எடுத்து, நல்ல தண்ணீர் கட்டி, உப்பைக் கரைத்து வெளியேற்றினால் சரியாகும். அங்கே ஜிப்சம் போடுவது பணத்தை மண்ணில் கொட்டுவதுதான். களரில் கேடு செய்வது சோடியம். கார அமில நிலை 8.5க்கு மேல் இருக்கும். காய்ந்தால் கட்டாந்தரை, நனைந்தால் சேறு, தண்ணீர் கீழே இறங்காது. ஜிப்சம் அங்கேதான் தேவை. போட்ட பிறகு நீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். இரண்டு கோளாறும் சேர்ந்த நிலமும் உண்டு.

கண்ணால் பார்த்து இதைப் பிரிப்பது கடினம். அறுவடை முடிந்து உரம் போடுவதற்கு முன்பு, வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவித்த இடம் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆறங்குல ஆழம் வரை மண் எடுங்கள். நிழலில் உலர்த்திக் கலந்து, அரைக்கிலோ மட்டும் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். மண்வள அட்டை வந்ததும் தழை, மணி, சாம்பல் சத்துகளுக்கு முன்னால் கார அமில நிலையையும் மின் கடத்தும் திறனையும் பாருங்கள். ஜிப்சம் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.