இறுக்கினால் போதுமா?



சென்ற பள்ளி விடுமுறையில் செராசிலுள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அருகில் கார் கழுவும் கடையில் என் பழைய மாணவன் வேலை செய்கிறான். ரப்பர் குழாய் பம்புடன் சேருமிடத்தில் தண்ணீர் பீச்சியடித்தது. அவன் குறட்டால் இறுக்க இறுக்க, ஒழுகல் கூடியது.

"சார், இது ஒடைஞ்சா மொதலாளி சம்பளத்துல புடிச்சுக்குவாரு" என்றான்.

பம்பை நிறுத்தி, பைப்பை மூடி, கைப்பிடி விசையை அழுத்தி மிச்சத் தண்ணீரை வெளியேற்றி, மூட்டைக் கழற்றினோம். உள்ளிருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. பால்மரம் வெட்டிய நமக்கு வெயிலில் ரப்பர் என்னாகும் என்று தெரியாதா? அங்கே தண்ணீரைத் தடுப்பது மரையல்ல. அந்த மெல்லிய வளையம்தான். அது கெட்டபின் இறுக்கினால் பிளாஸ்டிக்தான் விரியும். அதே அளவில் புது வாஷரைச் சில்லறைக் காசுக்கு வாங்கி, மணலைத் துடைத்துவிட்டு, கையாலேயே முடுக்கினான். ஒரு சொட்டும் இல்லை!

2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆறு மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்கள் வறண்டதை மறக்கலாமா? சொட்டுத் தண்ணீரும் சொத்துதான்.

அன்பர்களே, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாய்ப்பாடு வராத அந்தப் பையனை அன்று நானும் பிரம்பால் இறுக்கித்தான் பார்த்தேன். அவன் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். உங்கள் பிள்ளையை அதட்டுமுன், உள்ளே எது காய்ந்திருக்கிறது என்று சற்றுப் பாருங்கள்.