கசக்காத கடலை

கசந்த கடலையைத் துப்பிவிடுகிறோம். அதனாலேயே கசக்காத கடலையெல்லாம் நல்ல கடலை என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை தப்பு மக்களே!

1960-இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்துப்போயின. காரணம் புரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பேர் வைத்தார்கள். கடைசியில் மாட்டியது பிரேசிலிலிருந்து தீவனத்துக்கு வந்த கடலைப் புண்ணாக்கு. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அதில் விஷத்தைச் சுரந்திருந்தது. பூஞ்சையின் பேரைச் சுருக்கி விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்று வைத்தார்கள். நாக்குக்கும் மூக்குக்கும் இது அகப்படாது. வறுத்தாலும் முழுசாகப் போகாது. கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

சரி, காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை? இருக்கிறது.

பூஞ்சைக்கு வேண்டியது ஈரம். அறுவடை முடிந்ததும் கடலையை 8 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்துவிட்டால், மூட்டையில் அது வளர்வதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். இப்போது கணக்கைப் பாருங்கள். 15 சதவீத ஈரமுள்ள 100 கிலோவை 8 சதவீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது சுமார் 92 கிலோதான். எட்டு கிலோ காற்றோடு போச்சு! எடையை மட்டும் பார்த்து விலை போடும் இடத்தில், ஒழுங்காகக் காயவைத்தவருக்கு நஷ்டம், ஈரத்தோடு விற்றவருக்கு லாபம்.

நான் கடலையே சாப்பிடுவதில்லை என்கிறீர்களா? பால் குடிப்பீர்கள் அல்லவா? பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் எதை மாடு தின்றாலும், அந்த விஷத்தில் ஒரு பங்கு எம்1 என்று உருமாறிப் பாலில் வரும். காய்ச்சினாலும் போகாது. 2018-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-இல் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 551-க்கு 88. பாலில் தண்ணீர் கலந்தால் சண்டைக்குப் போகிறோம், இதை யாரும் கேட்பதில்லை.

விவசாயி மேல் பழி போடுவது சுலபம். ஆனால் நன்றாகக் காய்ந்த கடலைக்கு நூறு ரூபாய்க்கு எட்டு ரூபாய் கூட்டிக் கொடுத்தாலே, அவர் இழக்கும் எடைக்குக் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். அந்த எட்டு ரூபாயை யார் கொடுப்பது? வியாபாரியா, எண்ணெய் மில்லா, கடலையும் பாலும் வாங்குகிற நாமா? நாம்தான் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?