உப்பும் பொட்டாஷும் போகிற வழி

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாகப் போகும் சாலை கிளாவரையில் முடிகிறது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதற்கப்பால் கேரளத்து வட்டவடைக்குக் காட்டுவழிதான். மின்கம்பியும் ஊர் ஊராக நம்மோடு வருகிறது. நரம்பையும் இப்படியொரு கம்பியாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கம்பியில் எலக்ட்ரான்கள் நீளவாக்கில் நகர்கின்றன. நரம்பு இழையில் உப்பின் அயனிகள் குறுக்குவாக்கில், சவ்வைத் தாண்டி, உள்ளும் வெளியும் போய்வருகின்றன.

இதைப் பேசப் பூம்பாறைதான் பொருத்தமான இடம். குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றிய படிவயல்களில் விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உழவர்கள் வயலுக்கு இடும் பொட்டாஷில் உள்ள பொட்டாசியம், நரம்புச் செல்லின் உள்ளே வெளியைவிட முப்பது மடங்கு அதிகம். சமையல் உப்பின் சோடியம் வெளியே பத்து மடங்கு அதிகம். சவ்விலுள்ள புரதம் ஒன்று ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து இந்த வித்தியாசத்தைக் காக்கிறது. பொட்டாசியம் கொஞ்சம் வெளியே கசிவதால் உள்பக்கம் 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின்னாக நிற்கிறது.

டார்ச் பேட்டரியில் இருபதில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். கணக்குப் போட்டால் சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட் வருகிறது. காற்றில் தீப்பொறி பறக்க 30,000 போதும்.

பச்சைப் பூண்டை நசுக்கி நாக்கில் வையுங்கள். அதில் உண்டாகும் அல்லிசின், வலிநரம்பு நுனியில் ‘டிஆர்பிஏ1’ என்ற வாயிலைத் திறக்கிறது. நேர்மின் அயனிகள் உள்ளே நுழைகின்றன. மைனஸ் 70 என்பது மைனஸ் 55ஐத் தொட்டதும் சோடியம் வாயில்கள் மளமளவெனத் திறந்து உள்பக்கம் நேர்மின்னாகிவிடுகிறது. உடனே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலையை மீட்கிறது. எல்லாம் ஓரிரு மில்லிவினாடியில். இந்த மாற்றம் பக்கத்து வாயில்களைத் திறக்க, அவை அடுத்தவற்றைத் திறக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் புதிதாகப் பிறப்பதால்தான் சைகை கடைசிவரை தேய்வதில்லை. சுட்ட பூண்டு ஏன் உறைப்பதில்லை? அல்லிசின் அதில் இல்லை, அவ்வளவுதான்.

 மன்னவனூர்ப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. அப்போது குளிர்ந்த தண்ணீரில் கேரட் கழுவினால் விரல் மரத்துப்போகும். வேகமான நரம்பிழை ஒரு டிகிரி குளிர்ந்தால் சைகையின் வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டர்போலக் குறைகிறது. வாயில்கள் சோம்பலாகத் திறப்பதுதான் காரணம். இந்தச் சோம்பல் அறிவியலுக்கு உதவியது. கேம்பிரிட்ஜ் அறிவியலாளர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை 6 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, வாயில்களின் போக்கை அளந்து, 1952இல் சமன்பாடுகளாக்கினார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது கிடைக்கவில்லை. ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் கணக்குப்பொறியில் விடையைக் கண்டார். 1963இல் நோபல் பரிசு.

கவுஞ்சி, பூண்டி தாண்டும்போது வேகத்தைப் பார்த்துவிடலாம். நம் பருத்த நரம்பிழைகளுக்குக் கொழுப்பு உறை உண்டு. சுமார் ஒரு மில்லிமீட்டருக்கு ஓர் இடைவெளி. சைகை இடைவெளிகளில் மட்டும் புதுப்பிக்கப்படுகிறது, முக்கிய ஊர்களில் மட்டும் நிற்கும் பேருந்துபோல. வினாடிக்கு 100 மீட்டர். இந்தச் சாலை முழுவதையும் ஏழு நிமிடத்துக்குள் கடந்துவிடும். உறையில்லாத மெல்லிய வலிநரம்பில் வேகம் ஒரு மீட்டர்தான், கிளாவரைக்குப் பதினொரு மணி நேரம். நடந்து போகிறவர் முந்திவிடுவார். கல்லில் கால் இடித்தால் முதலில் உறையுள்ள இழை வழியே சுருக்கென்றும் சற்றுப் பொறுத்து உறையில்லாத இழை வழியே விண்விண்ணென்றும் வலிப்பது இதனால்தான்.

கிளாவரையிலும் காய்கறி வயல்தான். புழுவுக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரின் வகை மருந்துகள் பூச்சியின் சோடியம் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. நரம்பு ஓயாமல் துடித்துப் பூச்சி சாகிறது. நம் வாயில்களும் ஏறக்குறைய அதே அமைப்பு. நம் உடல் அந்த மருந்தை வேகமாகச் சிதைத்துவிடுவதும் நாம் தப்ப ஒரு காரணம். ஆனாலும் தெளித்த அன்று இரவு முகத்திலும் கையிலும் குறுகுறுப்பு, எரிச்சல் வந்தால் அது தோலின் நரம்புநுனியில் மருந்து பட்டதன் அடையாளம். கையுறை போடுங்கள், முகத்தை மூடுங்கள், காற்றுக்கு எதிரே நின்று தெளிக்காதீர்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.