துப்பாக்கியை இறக்கி வைத்த ஊர்

நாகர் என்றால் தலைவேட்டையாடிய மலைமக்கள் என்று மட்டுமே பள்ளிப் பருவத்தில் கேட்டிருந்தேன். கோகிமாவில் ஆசிரியையாகப் பணிபுரியும் என் மகளைக் காணச் சென்றபோதும் அந்த எண்ணம் உள்ளத்தின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை மறைப்பானேன்?

கோகிமாவிற்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கோனோமா என்னும் அங்காமி நாகர் சிற்றூர் இருக்கிறது. மலைமேல் வீடுகள்; கீழே பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள். ஓடைநீர் மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு வழிந்தோடுகிறது. மேல்வயலுக்குரியவர் நீரை அடைத்துக்கொண்டால் கீழ்வயலுக்குரியவர் பசித்திருக்க நேரும். ஆதலின், அங்கே வேளாண்மை என்பதே அயலார்க்குச் செய்யும் நீதியாகவும் அமைந்துவிட்டது.

சரிவுகளில் ஆல்டர் மரங்கள் நிற்கின்றன. ஊரார் அவற்றை வேரோடு வீழ்த்துவதில்லை. மேற்பகுதியை மட்டும் தறித்துவிட்டு இடையிடையே பயிரிடுகின்றனர். அம்மரத்தின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. பின்னர் நிலத்திற்கு ஓய்வளிக்க, தறித்த மரமும் மீண்டும் தழைக்கிறது.

1879ஆம் ஆண்டு ஆங்கிலப் படையை எதிர்த்துப் போரிட்ட ஊர் இது. இத்தகைய வீரம் மிக்க ஊர், 1998ஆம் ஆண்டு தன் காட்டில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாக்கி, வேட்டையையும் தடை செய்தது. அரசு ஆணையிட்டதால் அன்று. ஊர்ப் பேரவையே கூடி எடுத்த முடிவு அது. டிரகோபன் என்னும் அரிய பறவை அருகிவந்ததே அதற்குத் தலையாய காரணம்.

முதியவர் ஒருவர் எங்களைத் தம் அடுப்பருகே அமர்த்திப் பாலில்லாத தேநீர் அளித்தார். அருந்துமுன் தலைகவிழ்ந்து செபித்தார். சுவரில் வெறும் முளை ஒன்று தெரிந்தது. “துப்பாக்கி மாட்டிய இடமோ, ஐயா?” என்று கேட்டேன். என் மகள் மொழிபெயர்த்தாள்.

“ஆம். என் தந்தை தந்தது. வேட்டையை விடு என்று பேரவை சொன்னபோது, தந்தையையே விடச் சொன்னதாக எண்ணிச் சினந்தேன்; கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட்டேன். அன்றிரவு என் சிறுபேரன் சுவரிலிருந்த இறகைக் காட்டி, ‘தாத்தா, இந்தப் பறவை எப்படிக் கூவும்?’ என்றான். காட்டோரம் பிறந்த பிள்ளை! அவன் அதன் குரலைக் கேட்டதே இல்லை. என் வாயால் கூவிக் காட்டினேன். கூவும்போதே என் தொண்டை அடைத்துக்கொண்டது. மறுநாள் துப்பாக்கியை இறக்கி வைத்தேன்.”

“இப்போது கூவுகிறதா?”

முதியவர் சிரித்தார். “எனக்குக் காது மந்தமாகிவிட்டது. பேரன்தான் காட்டுக்குப் போய்க் கேட்டுவந்து, அது எப்படிக் கூவியது என்று எனக்குக் கூவிக் காட்டுகிறான்.”

நான் தலைகுனிந்தேன். எவரைக் குறித்து இழிவாக எண்ணி வந்தேனோ, அவரே எனக்கு ஆசானானார். நம் பிள்ளைகளுக்கு வீடும் நகையும் சேர்த்து வைக்கிறோம். ஆனால், அவர்களுக்காக நமக்குப் பிரியமான ஒன்றை நாம் விட்டதுண்டா? மலையிறங்கும் வழியெல்லாம் இக்கேள்வியே என்னுடன் வந்தது. இன்னும் அது என்னை விட்டுப் போகவில்லை.