இரண்டு மைக், ஒரு தாலாட்டு

1929-ல் பேசும்படம் என்றால் பெரும்பாலும் பாடும்படம்தான். அந்த வருடம் வெளிவந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய 'பிராட்வே மெலடி'கூட மேடைக்குப் பின்னால் நடக்கும் கதைதான். அதே 1929 அக்டோபரில் வந்த 'அப்ளாஸ்' படமும் அங்கேதான் நடக்கிறது. ஆனால் இதில் ஜிகினாவைவிட அழுக்குதான் அதிகம் தெரியும்.

கிட்டி டார்லிங் ஒரு பர்லெஸ்க் நடிகை. அரைகுறை உடையில் ஆட்டம், கொச்சையான நகைச்சுவை என்று ஓடிய மலிவான மேடை நிகழ்ச்சிக்குப் பெயர்தான் பர்லெஸ்க். ஒப்பனை அறையிலேயே அவளுக்குக் குழந்தை பிறக்கிறது. மகள் ஏப்ரலை இந்த வாடையே படாமல் கன்னியர் மடத்தில் வளர்க்கிறாள். கிட்டியின் காசில் வாழும் ஹிட்ச் என்பவன், படிப்புச் செலவு தண்டம் என்று பதினேழு வயதில் அவளைத் திரும்ப வரவழைக்க வைக்கிறான். வந்த பெண் பார்ப்பது மேடையில் அம்மாவை, எதிரே இளிக்கும் ஆண்களை.

வயது போன கிட்டியாக நடித்த பாடகி ஹெலன் மார்கனுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை!

இயக்குனர் ரூபன் மமூலியனுக்கு இது முதல் படம். நாடகத்திலிருந்து வந்தவர். நாடகக்காரர் என்றால் கேமராவை ஒரே இடத்தில் நட்டுவைப்பார் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். கேமராவின் இரைச்சல் மைக்கில் விழக்கூடாது என்று அதை ஒரு பெட்டியறைக்குள் அடைத்துவைத்த காலத்தில், அதை நகர வைத்தவர் இவர்.

படத்தின் உயிர் ஒரு சின்னக் காட்சியில் இருக்கிறது. இரவு. தூக்கம் வராத மகளுக்கு அம்மா பாடுகிறாள். அவளுக்குத் தெரிந்தது மேடைப்பாட்டுதான், அதையே தாலாட்டாக்குகிறாள். மகளோ மெல்லிய குரலில் ஜெபம் சொல்கிறாள். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கவேண்டும் என்றார் மமூலியன். ஒரே மைக்கில் இது நடக்காது என்றார்கள் ஒலிப்பதிவாளர்கள். இரண்டு மைக் வையுங்கள், தனித்தனியாகப் பதிந்து பிறகு சேருங்கள் என்று அவர் அடம்பிடித்தார். சேர்த்தார்கள். கேட்டது.

இது வித்தை காட்டுவதற்காகச் செய்ததல்ல. பாட்டும் ஜெபமும் ஒரே அறையில் ஒலிக்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை ஒரு வரி வசனமும் இல்லாமல் காது சொல்லிவிடுகிறது. அதே ஒலியில் அவர்களின் பாசமும் இருக்கிறது.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

மகளுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று கிட்டி விஷம் குடிக்கிறாள். அது தெரியாமல், அம்மாவுக்குப் பதிலாக மகள் மேடை ஏறுகிறாள். எந்த மேடையிலிருந்து அவளைக் காப்பாற்ற அம்மா இத்தனை பாடுபட்டாளோ, அதே மேடை. அங்கே ஆட்டம் நடக்க, உள்ளே ஒரு உயிர் போகிறது. 'அப்ளாஸ்' என்றால் கைதட்டல். படத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

2006-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தார்கள். கிடைத்தால் பாருங்கள். முடிந்தால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு.